எங்கம்மா ஹாரி பாட்டர் புக்கு மேல பைபிளை வச்சு அமுக்கிட்டாங்க – மந்திரக் கதை படிக்கிறது பாவமா?

ஜெனி_நெல்லை:
மக்களே ஒரு பஞ்சாயத்து, கொஞ்சம் பெருசு, பொறுத்துக்கோங்க. எங்கம்மா ரெண்டு மாசமா எங்க கூட சென்னைல இருக்காங்க. என் பொண்ணு நாலாங்கிளாஸ். மேல் வீட்டு அக்காகிட்ட ஹாரி பாட்டர் மொத பாகம் வாங்கிட்டு வந்து நாப்பது அம்பது பக்கம் போயிருப்பா, அந்தப் பையனுக்கு லெட்டர் மேல லெட்டரா வந்து கொட்டுமே அந்த இடம். நேத்து புக்கைக் காணோம்னு ஒரே அழுகை. கட்டிலுக்கு அடியில சோபாக்கு பின்னாடி எல்லாம் தேடியாச்சு. கடைசில பாத்தா அம்மாவோட ஷெல்ஃப்ல இருக்கு. அது மேல அம்மாவோட பெரிய எழுத்து பைபிள். அதுக்கும் மேல ஜெப எண்ணெய் பாட்டில்.

கேட்டா "உள்ள இருக்கது எதும் வெளிய வந்துரப்புடாதுல்லா, அதான்"ங்காங்க.

நான் சிரிச்சிட்டேன். அது தப்பாப் போச்சு, அம்மா ராத்திரி சாப்பிடல. இத்தனைக்கும் நான் காலேஜ் ஹாஸ்டல்ல ஏழு பாகமும் படிச்சவ, அது அம்மாவுக்குத் தெரியாது, இனியும் தெரிய வேண்டாம்.

அம்மா சொல்றதுல ஏதாச்சும் நியாயம் இருக்கா இல்ல வெறும் வாட்ஸ்அப் பிரசங்கமா? "லூசு"ன்னு ஒரே வார்த்தைல முடிக்கிறவங்க தயவுசெஞ்சு ஒதுங்கிக்கோங்க. எனக்கு எங்கம்மாவும் வேணும் புக்கும் வேணும்.

டீக்கடை_பெஞ்ச்:
மொத பாகம்ங்கறதால தப்பிச்சீங்க. அஞ்சாம் பாகமா இருந்தா பைபிளே சரிஞ்சு விழுந்திருக்கும், அவ்ளோ தடி.

பகுத்தறிவு_பாலா:
இதுல நியாயம் தேடுறதே வேஸ்ட்ங்க. அமெரிக்கால இந்தக் கூத்து இருபது வருஷத்துக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு, அதோட மிச்சம்தான் இப்ப நம்ம ஊர் வாட்ஸ்அப்புக்கு வருது. 2000லருந்து 2009 வரைக்கும் எந்தெந்த புக்கை லைப்ரரிலருந்து எடுக்கச் சொல்லி அதிகமா புகார் வந்துச்சுன்னு அமெரிக்க நூலக சங்கம் ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல மொத இடமே ஹாரி பாட்டர் வரிசைதான். நியூ மெக்சிகோல அலமகோர்டோன்னு ஒரு ஊர், 2001 டிசம்பர் 30, ஒரு சர்ச்சுல வெளிய நெருப்பு மூட்டி பாட்டர் புக்கை எல்லாம் போட்டு எரிச்சாங்க. ஷேக்ஸ்பியரும் சேர்ந்து எரிஞ்சாரு. எரிச்ச பாஸ்டர் அதுல ஒரு புக்கைக்கூட படிச்சதில்லைன்னு அவரே ஒத்துக்கிட்டாரு.

இன்னொரு காமெடி. 2000ல "ஹாரி பாட்டரால குழந்தைங்க சாத்தான் வழிபாட்டுக்குப் போறாங்க"ன்னு தி ஆனியன்ல ஒரு கட்டுரை வந்துச்சு. ஆனியன்ங்கறது முழுக்க முழுக்க நையாண்டிப் பத்திரிகை. யாரோ பேரை எடுத்துட்டு ஃபார்வர்டு பண்ண, நிஜச் செய்தின்னு நம்பி ஊரு உலகமெல்லாம் ஈமெயில்ல சுத்துச்சு. உங்கம்மாவுக்கு வந்த மெசேஜோட கொள்ளுத்தாத்தா அதுவாத்தான் இருக்கும்.

சாம்_அண்ணாச்சி:
பாலா தம்பி, நையாண்டியை நம்புனவங்களைப் பாத்து சிரிக்கலாம், நானும் சிரிச்சேன். ஆனா அவங்களை வச்சு மொத்தக் கேள்வியையும் தள்ளிவிடாதீங்க. நான் பன்னெண்டு வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கிறவன், புக்கைப் படிச்சிட்டுத்தான் பேசுறேன், ஏழு பாகமும்.

ஜெனிம்மா, அம்மா எங்க இருந்து பேசுறாங்கன்னா பைபிள்ல உபாகமம் புஸ்தகம், 18ம் அதிகாரம். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன், மாயவித்தைக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன், இவங்க யாரும் உங்க நடுவுல இருக்கவேண்டாம்னு தெளிவா இருக்கு. இங்கிலீஷ் பைபிள்ல படிச்சா அது ஏதோ பழைய காலத்து லிஸ்ட் மாதிரி தெரியும், ஆனா நம்ம தமிழ்ப் பைபிள்ல படிச்சுப் பாருங்க, ஒவ்வொருத்தனும் நம்ம தெருவுல இருக்கிற ஆளு.

எதிர்க்கிறவங்க எல்லாரும் "புக்கைத் திறந்தா பேய் வரும்"னு சொல்றதில்ல. சரியாச் சொல்றவங்க சொல்றது இதுதான். டோல்கியன் ஒரு கத்தோலிக்கர், லூயிஸ் ஆங்கிலிக்கன், ரெண்டு பேர் கதைலயும் மந்திரம் உண்டு. ஆனா டோல்கியனோட லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதைல மந்திரம் போடுற அந்தத் தாடிக் கிழவர் காண்டால்ஃப் மனுஷனே கிடையாது, வானதூதர் மாதிரி ஒருத்தர், நாம அவர் மாதிரி ஆக முடியாது. லூயிஸோட நார்னியா வேற உலகம், அங்க சிங்கம்தான் ராஜா, மந்திரத்துக்கு எல்லாம் மேல அவர் இருக்காரு. பாட்டர்ல என்னன்னா நம்ம உலகம், நம்ம ரயில்வே ஸ்டேஷன், பதினோரு வயசுப் பையன், பாடப் புக்கு, பரீட்சை, மார்க்கு. மந்திரத்தைக் கத்துக்கிறது ஒரு நல்ல படிப்புங்கற மாதிரி வருது. மேல ஒருத்தர் இல்ல. கோடு எங்க போடுறாங்கன்னு புரியுதா?

கோவை_டைஸ்:
அண்ணாச்சி கோடு நல்லாத்தான் இருக்குங்க ஆனா கொஞ்சம் வளையுது. நார்னியாலயே லூசிங்கற பொண்ணு ஒரு மந்திரவாதி வீட்டு மாடில உக்காந்து மந்திரப் புக்கைத் திறந்து வாய்விட்டு படிக்கும், மறைஞ்சு கிடக்கிறவங்க எல்லாம் கண்ணுக்குத் தெரிவாங்க. அதே புக்குல ஃப்ரெண்டுங்க தன்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு ஒட்டுக் கேக்க ஒரு மந்திரம் சொல்லி திட்டும் வாங்கும். திட்டு வாங்குனது ஒட்டுக் கேட்டதுக்கு. நார்னியாவே கூடாதுன்னு சொல்ற தீவிர ஆளுங்களும் இருக்காங்கன்னு கேள்விப்பட்டா ஆச்சரியமே இல்ல, அவங்கதான் கணக்குப்படி கரெக்ட்டு.

நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவனுங்க, ஆளுக்கொரு வேஷம் எடுத்து பகடை உருட்டி மந்திரவாதி, பூதம்னு கதை சொல்லி ஆடுற கேம், சனிக்கிழமை ராத்திரி நாலு பேரு. பாட்டர் ஆளுங்க எங்களுக்கு ஜூனியர். அந்த கேம் வந்தது 1974, எம்பதுகள்ல அமெரிக்கால இதே பயம் அதுமேலதான் இருந்துச்சு. ஒரு அம்மாவோட பையன் தற்கொலை பண்ணிக்கிட்டான், அவன் அந்த கேம் ஆடுறவன், அதுதான் காரணம்னு அந்தம்மா முடிவு பண்ணி 1983ல ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, அவங்களைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வராது. ஆனா அதை வச்சு டிவி நிகழ்ச்சி, துண்டுப் பிரசுரம், ஸ்கூல்ல தடைன்னு கிளப்புனாங்க பாருங்க அதான் வேதனை. 1984ல ஒரு குட்டி காமிக்ஸ் பிரசுரம் வந்துச்சு, கேம் ஆடுற பொண்ணுக்கு நிஜ மந்திரம் சொல்லிக் குடுக்கிறாங்க, கடைசில அவ மனந்திரும்பி எல்லாத்தையும் எரிச்சிடுவா. எங்க க்ரூப்ல அதை பிரிண்ட் போட்டு சுவத்துல ஒட்டியிருக்கோம். அந்த கேம் கம்பெனியே பயந்துபோய் 1989ல ரெண்டாம் பதிப்புல "டீமன்" "டெவில்"ங்கற பேரை எடுத்துட்டு, பின்னாடி வாயில நுழையாத வேற பேரு வச்சாங்க. பூதம் அதே பூதம்தான், பேருதான் மாறுச்சு.

பகுத்தறிவு_பாலா:
அதைத்தான் நானும் சொல்றேன், பேரை மாத்துனா பாவம் போயிருமா? மோசேயோட அண்ணன் ஆரோன் கோலைப் போட்டா பாம்பாகுது, பார்வோன் ஆளுங்க போட்டாலும் பாம்பாகுது. ஒண்ணு அற்புதம் ஒண்ணு சூனியமாம்.

சாம்_அண்ணாச்சி:
ஆமா, அதுதான் வித்தியாசமே. செயல் ஒண்ணு, யாரை நம்பி செய்றாங்கங்கறது வேற. நீங்க கிண்டலாச் சொன்னதை நாங்க சீரியஸா நம்புறோம், அவ்வளவுதான்.

மாடரேட்டர்:
கதை பத்தின இழை இது, மோசே பார்வோன் சண்டைக்கு வேற இழை இருக்கு. பாலா, சாம், ரெண்டு பேரும் தண்ணி குடிச்சிட்டு வாங்க.

லண்டன்_குட்டி:
இஞ்ச ஒரு விசயம் சொல்லவேணும். அந்த மனுசி பாட்டரை எழுதின இந்த நாட்டில இவ்வளவு சத்தம் இருக்கேல்ல. ஒண்டுமே இல்லையெண்டும் இல்ல, 2000ல கென்ட் பக்கம் ஒரு சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆரம்பப் பள்ளியில தடை போட்டவை, பேப்பரில வந்தது. ஆனா மற்றப் பக்கம் பாருங்கோ, படத்தில வாற அந்த நீளமான கல் தாழ்வாரம் குளோஸ்டர் தேவாலயத்துக்குள்ள எடுத்தது. ஊர்ச்சனம் சிலபேர் எதிர்த்தவை, தேவாலயத்துக்காரர் விட்டுக்குடுக்கேல்ல. நான் போய்ப் பாத்தனான், உள்ள மெழுகுதிரி ஏத்தி செபம் பண்ணிப்போட்டு வெளியில வந்து பிள்ளையளுக்கு படம் எடுத்த இடத்தைக் காட்டினம்.

வாசு_ஸ்ரீரங்கம்:
எல்லாரும் இது கிறிஸ்தவ வீட்டுப் பிரச்னைன்னு நெனச்சு பேசறேள். எங்காத்துல என்ன நடந்ததுன்னா, நான் சின்ன வயசுல குச்சியை வச்சுண்டு ஏதோ புஸ்புஸ்னு சமஸ்கிருதம் மாதிரி உளறிண்டு தங்கைமேல மந்திரம் போடுவேன். பாட்டி ஓங்கி ஒண்ணு வெச்சா. அக்ஷரம் தப்பா சொன்னா சொன்னவனுக்கே திரும்பிடும், உபதேசம் இல்லாம மந்திரத்தை வாயில எடுக்காதேன்னு. அவளுக்கு மந்திரம் பாவம் இல்ல, ஆனா விளையாட்டுச் சாமானும் இல்ல. பின்னாடி அந்த படத்துல ஒரு பொண்ணு உச்சரிப்பு சரியில்லைன்னு பையனைத் திருத்துமே, தியேட்டர்ல எனக்கு பாட்டி ஞாபகம்தான் வந்தது.

காயல்_மைந்தன்:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்க பக்கமும் கொஞ்சம் சேத்துக்கறேன். சூனியம் எங்களுக்கு அழிவு தர்ற ஏழு பெரும்பாவத்துல ஒண்ணு, இணைவைக்கிறதுக்கு அடுத்ததா ஹதீஸ்ல வரும். குர்ஆன்ல ரெண்டாவது அத்தியாயம் 102வது வசனத்துல பாபிலோன்ல ஹாரூத் மாரூத்னு ரெண்டு மலக்குகளை, அதாவது வானவர்களைப் பத்தி வரும், நாங்க ஒரு சோதனைதான், நிராகரிச்சிடாதன்னு எச்சரிக்காம அவங்க யாருக்கும் கத்துக்குடுக்க மாட்டாங்க. அதனால "மந்திரம்னு ஒண்ணு கிடையாது, சும்மா கதை"ன்னு எங்க ஆலிம்சாக்கள்ட்ட போய் ஈஸியா சொல்லிட முடியாது. 2002ல அமீரகத்துல தனியார் ஸ்கூல்கள்ல பாட்டருக்குத் தடை வந்துச்சு, எங்க மச்சான் பிள்ளைங்க அப்ப அங்கதான் படிச்சாங்க.

ஆனா இதே முஸ்லிம் உம்மத்துலதான் நபியோட சித்தப்பா அமீர் ஹம்ஸாவை ஹீரோவா வச்ச கதை நூத்துக்கணக்கான வருஷமா ஓடியிருக்கு. அக்பர் பாதுஷா அந்தக் கதைக்கு ஆயிரத்து நானூறு படம் போல வரையச் சொன்னாரு. பத்தொம்பதாம் நூற்றாண்டுல லக்னோல உருதுல அச்சுல வந்த பாகங்கள்ல மாயக்கோட்டை, சூனியக்கார ராஜா, சூனியக்காரிங்க படைன்னு பக்கம் பக்கமா இருக்கும். அங்க சூனியம் எதிரி கைல இருக்கும், ஹீரோ ஈமானோட, இறைநம்பிக்கையோட அதை உடைப்பாரு. அதாவது கோடு மந்திரம் வருதாங்கறதுல இல்ல, அது யார் கைல இருக்குங்கறதுல. பாட்டர்ல ஹீரோ கைல இருக்கு, அதான் உறுத்தல்.

டீக்கடை_பெஞ்ச்:
சின்ன வயசுல நாம படிச்ச வேதாளம், ஏழு கடல் தாண்டி கிளி, கூடுவிட்டு கூடு பாயுறது இதெல்லாம் எந்தப் பக்கம்ணே?

காயல்_மைந்தன்:
அதை உம்மாவே சொல்லித் தந்தாங்க, அதனால ஹலால் 😄

ஜெனி_நெல்லை:
எல்லாத்தையும் படிச்சேன். இப்ப நான் ஒண்ணு சொல்லணும், மொதல்லயே சொல்லியிருக்கணும், தோணல.

அம்மா பொறந்தது ஒரு கிராமம், அப்ப அவங்க வீட்ல யாரும் கிறிஸ்தவங்க இல்ல. தாத்தாக்கு ஒரு பலசரக்குக் கடை. அம்மாவுக்கு பதிமூணு வயசுல கடை படுத்துருச்சு. யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு பேச்சு வந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்தாங்க. தாடியெல்லாம் இல்ல, சைக்கிள்ல வந்த ஆளு, சட்டைப் பைல ரெண்டு பேனா குத்தியிருப்பான்னு அம்மா சொல்லுவாங்க. வாசப்படிக்கு அடியில தோண்டி ஒரு தகடை எடுத்துக் காட்டுனான். அதுக்கு ஒரு ரேட்டு. பெறகு எடுத்தது பாதிதான், மீதி கொல்லைல இருக்குன்னான், அதுக்கு ஒரு ரேட்டு. பெரியம்மாவோட கம்மல் போச்சு. கடை திரும்பி வரல. வீட்ல யாரு யாரைப் பாத்தாலும் இவதான் வச்சாளோன்னு ஒரு சந்தேகம், அத்தை வீட்டோட பேச்சுவார்த்தை நின்னு போச்சு, தாத்தா சாவுக்குக்கூட அவங்க வரல. அம்மா சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சதே "எவன் தகடு வச்சாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு டீச்சர் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

அமெரிக்கால புக்கை எரிச்சவங்களுக்கு மந்திரவாதின்னா பைபிள்ல படிச்ச ஆளு, இல்ல சினிமால பாத்த ஆளு. எங்கம்மாவுக்கு அவன் ரெண்டு பேனா வச்ச ஆளு. என் பொண்ணு "நானும் மந்திரம் படிக்கணும்மா, எனக்கும் லெட்டர் வரும்"னு குதிச்சப்ப அம்மா மூஞ்சி ஏன் அப்படிப் போச்சுன்னு நேத்து ராத்திரிதான் எனக்கு உறைச்சது. நான் சிரிச்சிருக்கக் கூடாது.

பகுத்தறிவு_பாலா:
இது தெரிஞ்சிருந்தா நான் அப்படி ஆரம்பிச்சிருக்க மாட்டேன். சாரிங்க. (ஆனா அந்த சைக்கிள்காரனைத்தான் பெரியார் ஆளுங்களும் ஊர் ஊராத் தொரத்துனாங்கன்னு ஒரு ஓரமா சொல்லிக்கிறேன்.)

சாம்_அண்ணாச்சி:
ஜெனிம்மா, இதைக் கேட்ட பிறகு நான் போட்ட கோடு எல்லாம் கொஞ்சம் பொம்மைக் கோடு மாதிரி இருக்கு. ஆனாலும் ஒண்ணு சொல்றேன். உங்கம்மா பயந்த அந்த வியாபாரத்தை அந்தக் கதையே பெருசா மதிக்கல. குறி சொல்ற வாத்தியாரம்மா ஒருத்தி வருவா, டீக் கப்பைப் பாத்து வருஷம் ஒரு பிள்ளைக்கு சாவு சொல்லுவா, பாதிப் பேரு அவளைக் கேலி பண்ணுவாங்க. மந்திரம் சொல்றப்ப யாரையும் கூப்பிடுறதும் கிடையாது, எந்த ஆவியோடயும் ஒப்பந்தம் கிடையாது, சுவிட்சு போட்டா லைட்டு எரியுற மாதிரி. சக் கோல்சன்னு ஒரு பெரிய இவாஞ்சலிகல் ஆளு, அமெரிக்க அதிபர் நிக்சன்கிட்ட வேலை பாத்து, மனந்திரும்பி, அப்புறம் ஜெயிலுக்கும் போனவரு, அவரே இது வெறும் இயந்திரம் மாதிரியான மந்திரம், பேய் சம்பந்தப்பட்டது இல்லன்னு எழுதினாரு.

ஆனா நேர்மையா சொல்லணும்னா எனக்கு உறுத்துற இடம் ஒண்ணு உண்டு. ஏழாம் பாகத்துல அந்தக் கல்லைத் திருப்பி செத்துப்போன அப்பா அம்மாவை வரவச்சுப் பேசுவான்ல. உபாகமம் லிஸ்ட்ல கடைசிப் பேரு அதுதான். சவுல் ராஜா எந்தோர்ல போய்ப் பண்ண அதே வேலை. அந்தப் பக்கத்துல எனக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு, அது வேற விஷயம், ஆனா அது வரக்கூடாத இடத்துலதான் வந்துச்சு.

கோவை_டைஸ்:
அந்தக் கல்லை மொத வச்சிருந்தவன் அதனாலயே செத்துப்போவான்னு கதைக்குள்ள கதையா வருதுங்களே அண்ணாச்சி. இவனும் அதைக் காட்டுலயே போட்டுட்டு வந்துருவான், திரும்பத் தேடவே மாட்டான்.

சாம்_அண்ணாச்சி:
போடுறதுக்கு முன்னாடி பேசிட்டான்ல தம்பி.

வாசு_ஸ்ரீரங்கம்:
கத்தோலிக்கா என்ன சொல்றா? போப் தடை பண்ணார்னு படிச்ச ஞாபகம்.

காயல்_மைந்தன்:
தடை எல்லாம் இல்ல. 2003ல கார்டினல் ராட்சிங்கர் ஒரு ஜெர்மன் எழுத்தாளருக்கு லெட்டர் எழுதுனாரு, அந்தம்மா பாட்டரை எதிர்த்து புக்கு எழுதுனவங்க, இது நுட்பமான கவர்ச்சி, தெரியாமலேயே உள்ள போகும்ங்கற மாதிரி. அப்ப அவர் போப் இல்ல. 2005ல போப் ஆன பிறகு அந்த லெட்டர் வெளிய வந்து "போப் கண்டனம்"னு தலைப்பு ஆயிருச்சு. அதே 2003ல வேற ஒரு பாதிரியார் வாடிகன் பிரஸ் மீட்டுலயே ஒண்ணும் பிரச்னை இல்லன்னு சொன்னாரு. 2009ல வாடிகன் பத்திரிகையே ஆறாவது படத்தைப் பாராட்டி எழுதுச்சு. எல்லா வீட்லயும் உம்மா ஒண்ணு சொல்லுவாங்க வாப்பா ஒண்ணு சொல்லுவாரு, அப்படித்தான்.

டீக்கடை_பெஞ்ச்:
போலந்துல 2019ல பாதிரியாருங்க பாட்டர் புக்கோட சேத்து ஆப்பிரிக்க முகமூடி, யானை பொம்மை, ஒரு ஹலோ கிட்டி குடை எல்லாம் எரிச்சாங்களே அந்த ஃபோட்டோ பாத்தீங்களா? அப்புறம் மன்னிப்பும் கேட்டாங்க. மழைல குடை என்ன பாவம் பண்ணுச்சு.

சாம்_அண்ணாச்சி:
எரிக்கிறது பத்தி ஒரே ஒரு வார்த்தை. எல்லாரும் அப்போஸ்தலர் 19ஐக் காட்டுவாங்க, எபேசுல மாயவித்தை புஸ்தகங்களை எரிச்சாங்க, ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமானம்னு. ஆனா அங்க எரிச்சது தங்கள் புஸ்தகங்களை. சொந்தப் புக்கு, சொந்தக் காசு, தானா கொண்டு வந்தது. அடுத்தவன் புள்ளை லைப்ரரில படிக்கிற புக்கை இல்ல.

கோவை_டைஸ்:
அதுக்கு ஒரு கேஸே இருக்குங்க. அமெரிக்கால ஆர்கன்சா மாநிலத்துல சீடர்வில்னு ஒரு ஊரு, ஸ்கூல் லைப்ரரில பாட்டரை எடுக்கணும்னா அப்பா அம்மா கையெழுத்து வேணும்னு போர்டு ரூல் போட்டுச்சு. லைப்ரரி கமிட்டி மொத்தமும் புக்கு இருக்கட்டும்னு சொல்லியும் போர்டு 3க்கு 2ன்னு மீறுச்சு. ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போச்சு. இத்தனைக்கும் அந்தப் பொண்ணு வீட்லயே புக்கு இருக்கு, கையெழுத்தும் கிடைக்கும். அப்புறம் என்ன கஷ்டம்னு போர்டு தரப்பு கேட்டுச்சு. கையெழுத்து வாங்கித்தான் படிக்கணும்னு வச்சாலே "இது கெட்ட புக்கு, நீ கெட்டதைப் படிக்கிற பொண்ணு"ன்னு முத்திரை விழுதே, அதுவே கஷ்டம்தான்னு 2003ல ஜட்ஜ் சொல்லி புக்கைத் திரும்ப ஷெல்ஃப்ல வைக்கச் சொன்னாரு.

ஜெனி_நெல்லை:
ஐயோ, அந்த முத்திரை இங்கயும் விழுந்தாச்சு. என் பொண்ணு "நான் கெட்டதைப் படிச்சேனாம்மா"ன்னு கேட்டா.

சரி, என்ன பண்ணேன்னு கேளுங்க. நேத்து சாயங்காலம் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு ஏழாம் பாகத்துல வர்ற ரெண்டு கல்லறை வாசகத்தை அம்மாகிட்ட தமிழ்ல சொன்னேன். "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்", இது எதுல வருதும்மான்னேன். ஒண்ணு கொரிந்தியர் பதினஞ்சு இருபத்தாறுன்னு டக்குனு சொன்னாங்க. "உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்"? மத்தேயு ஆறு. ரெண்டும் இந்தக் கதைல அந்தப் பையனோட அப்பா அம்மாவைப் புதைச்ச கல்லறைத் தோட்டத்துல எழுதியிருக்கும்மா, எழுதுனவங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னு சொன்னேன். ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

அம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுகிட்டே "வசனத்தைப் பிசாசும்தான் சொல்லுவான், மத்தேயு நாலைப் படி. ஆமா, ஏழாம் பாகத்துல இருக்கது உனக்கு எப்படித் தெரியும்?"னாங்க.

டீக்கடை_பெஞ்ச்:
மாட்டுனியா

சாம்_அண்ணாச்சி:
அம்மாவை எங்க சண்டே ஸ்கூலுக்கு அனுப்புங்க. என்னால இந்த மத்தேயு நாலுக்கு பதில் சொல்ல முடியாது.

ஜெனி_நெல்லை:
மூணு நாள் கழிச்சு அப்டேட். ஹாஸ்டல் கதைக்கு தனியா திட்டு வாங்குனேன், அதை விடுங்க. அம்மா அவங்களாவே ஒரு ஏற்பாடு சொன்னாங்க: படிக்கலாம், ஆனா ஹால்ல, அவங்க முன்னாடி, சத்தமா, தமிழ்ல சொல்லிச் சொல்லி. அந்த மந்திர வார்த்தை வர்ற இடத்துல மட்டும் வார்த்தையைச் சொல்லாம "டேஷ்"னு சொல்லிட்டுப் போகணும். என் பொண்ணு சரின்னுட்டா. இன்னைக்கு கிளாஸ்ல எல்லாரும் இறகைப் பறக்க வைக்கிற இடம். "நீ டேஷ்ஷைத் தப்பா சொல்ற, டேஷ்னு இழுத்துச் சொல்லணும்"னு அந்தப் பொண்ணு திருத்துறதை இவ படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு சிரிப்பு தாங்காம அடுப்படிக்கு ஓடிட்டேன்.

வாசு_ஸ்ரீரங்கம்:
டேஷ்னு சொன்னா இறகு பறந்துதா?

ஜெனி_நெல்லை:
பறந்துச்சு. அம்மா முருங்கைக்கீரை ஆஞ்சுகிட்டு இருந்தவங்க தலையே நிமிராம "மேல படி, கீழ் ரூம்ல பூதம் வந்துட்டுன்னு ஒருத்தன் ஓடி வந்தானே, அவன் என்ன ஆனான்"னாங்க. ராத்திரி ஆனா புக்கு மறுபடியும் பைபிளுக்கு அடியிலதான்.